ஐயாயிரம் வாட், ஆனா வசனம் கேக்கல: பூலாம்பாடி ஹாலில் ஒரு 5.1

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இந்த முறை வந்த வாய்ஸ் நோட்ல பாதிக்கு மேல ஒரே புகார்தான். "ஹோம் தியேட்டர் வாங்கினோம், பாட்டு வந்தா வீடே அதிருது, ஆனா பேசுறது ஒண்ணும் புரியல. வசனத்துக்கு வால்யூம் ஏத்துறோம், சண்டை வந்ததும் பதறிப்போய் குறைக்கிறோம்." ரிமோட்டைக் கீழயே வைக்காம படம் பாக்குற குடும்பங்கள் தமிழ்நாட்டுல எத்தனை இருக்கோ தெரியாது, எனக்கு வந்த நோட்ல மட்டும் நிறைய இருக்கு.

இதுக்குப் பெரும்பாலானவங்க யோசிக்கிற தீர்வு, இன்னும் பெரிய செட். நான் சொல்லப்போறது நேர் எதிர். பெரும்பாலான வீடுகள்ல வசனம் தொலைஞ்சு போறது செட்டுக்குள்ள இல்ல. சுவத்துலயும், ஒரு சின்ன ஒயர்லயும், ஸ்பீக்கரை மாட்டின ஆணியிலயும்தான். இதை வெறும் தியரியா சொன்னா போரடிக்கும். அதனால ஒரு வீட்டை எடுத்துக்கிட்டு அதுக்குள்ளயே சுத்தி வருவோம்.

வீடு பூலாம்பாடியில. பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை தாலுகா, பச்சைமலைப் பக்கம் இருக்கிற பேரூராட்சி. மாவட்டம் முழுக்க மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம்னு விவசாயம்தான். ஆனா பூலாம்பாடியில சிங்கப்பூர், மலேசியான்னு வேலைக்குப் போன ஆள் இல்லாத தெருவைத் தேடணும். அந்தக் காசு ஊர்ல என்னவா மாறும்? முதல்ல காங்கிரீட் வீடு. அப்புறம் டைல்ஸ். அப்புறம் பெரிய டிவி. அப்புறம் இதோ, 5.1.

என் நண்பன் ஒருத்தன் சிங்கப்பூர்ல இருக்கான். அப்பா அம்மா மட்டும் ஊர்ல. பொழுது போகட்டும்னு பெரிய டிவியும், உள்ளூர்ப் பக்கம் ஒரு கடையில அசெம்பிள் பண்ணின 5.1 செட்டும் வாங்கிக் கொடுத்தான். "ஐயாயிரம் வாட்"னு கடைக்காரர் சொன்னாராம். ஒரு மாசத்துல அம்மா செட்டை ஆஃப் பண்ணி, மேல ஒரு துண்டைப் போட்டு மூடிட்டாங்க. நான் போனப்ப அவங்க சொன்னது: "சத்தமாத்தான் இருக்கு தம்பி. என்ன பேசுறாங்கன்னுதான் தெரியல. அரசாங்கம் குடுத்துச்சே ஒரு சின்ன டிவி, அதே நல்லாப் பேசும்."

கேலியா எடுத்துக்காதீங்க, அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. 2006ல ஆரம்பிச்ச இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துல கொடுத்த 14 அங்குலப் பெட்டி அது. அந்தக் காலத்து குண்டு டிவிகள்ல உள்ள இடம் இருந்துச்சு. பலதுலயும் ஸ்பீக்கர் முன்பக்கம் நம்ம முகத்தைப் பார்த்தே இருக்கும். இப்ப வர்ற தட்டை டிவியில ஓரமே கிடையாது, ஸ்பீக்கரைக் கீழ் நோக்கியோ பின்னாடி சுவத்தைப் பார்த்தோ வைக்கிறாங்க. படம் நாலு மடங்கு பெருசாச்சு, பேசுற வாய் மட்டும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிச்சு. அதனாலதான் தனியா ஸ்பீக்கர் தேவைப்படுது. நண்பன் நினைச்சது தப்பில்ல.

சரி, செட்டைத் திறப்போம்.

ஐயாயிரம் எங்கேருந்து வந்துச்சு?

மூடியைக் கழட்டினதும் நான் பார்த்தது டிரான்ஸ்ஃபார்மரைத்தான். மேல 24-0-24, 5 ஆம்பியர்னு ஒட்டியிருந்துச்சு. இந்தக் கணக்கை நீங்களே போடலாம்: 48 வோல்ட் பெருக்கல் 5 ஆம்பியர், 240. ஐந்து ஸ்பீக்கர், ஒரு வூஃபர் எல்லாத்துக்கும் சேர்த்து, தொடர்ச்சியா உள்ள போகக்கூடிய சக்தியே சுமார் 240 வாட்தான். அதுலயும் ஒரு பங்கு ஹீட்சிங்க்ல சூடாப் போயிடும். உள்ள போறதை விட வெளிய அதிகம் வர்றதுக்கு அது அட்சய பாத்திரம் இல்ல. "ஐயாயிரம்"ங்கிறது பிஎம்பிஓ. அதுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட அளவுமுறைன்னு ஒண்ணு கிடையாது, ஸ்டிக்கர் அடிக்கிறவரோட மனசுதான் அளவு. கடையில ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு கேளுங்க. அதுவும் சந்தேகமா இருந்தா டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டச் சொல்லுங்க.

இதைக் கேட்டு நண்பனுக்கு போன்ல கோவம் வந்துச்சு. "அப்போ ஏமாத்திட்டாங்களா மாப்ள?" வாட் விஷயத்துல, ஆமா. ஆனா 240ஏ ரொம்ப அதிகம்ங்கிறதுதான் வேடிக்கை. சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல 88 டெசிபல் வரைக்கும் சத்தம் தரும். நீங்க மூணு மீட்டர் தள்ளி உக்காந்தா சுமார் 78ன்னு வச்சுக்கலாம். ரெண்டு பேர் சாதாரணமா பேசிக்கிறது 60 டெசிபல் பக்கம். அதாவது ஒரே ஒரு வாட்லயே டிவியில இருக்கிறவங்க உங்க பக்கத்துல இருக்கிறவங்களை விட சத்தமா பேசுவாங்க. சக்தியை ரெண்டு மடங்காக்கினா கூடுறது 3 டெசிபல்தான். காதுக்கு "ரெண்டு மடங்கு சத்தம்"னு தோணணும்னா பத்து மடங்கு வாட் வேணும். ஆயிரத்துக்கும் ரெண்டாயிரத்துக்கும் நடுவுல நீங்க கொடுக்கிற காசு, காதுல விழுறது அந்த 3 டெசிபல்.

அசெம்பிள் செட்டையே திட்டுறேன்னு நினைக்காதீங்க. எனக்கு அது மேல மரியாதை உண்டு. 4440 ஐசி போட்ட குட்டி ஆம்ப்ளிஃபயர்லேர்ந்து, 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடி வரிசையா நிக்கிற பெரிய போர்டு வரைக்கும், சென்னை ரிச்சி தெருவுல பார்ட்ஸ் வாங்கி ஊர்ல உக்காந்து ஜோடிக்கிற அண்ணன்கள்தான் நமக்கு ஸ்டீரியோன்னா என்னன்னே காட்டினவங்க. கெட்டுப்போனா அதே அண்ணன் அரை மணி நேரத்துல சரி பண்ணிடுவார். பிராண்டட் செட் கெட்டா அட்டைப்பெட்டியோட பஸ் ஏறணும். அந்த டிரான்சிஸ்டர்ல போலி நிறைய சுத்துது, அது ஒண்ணுதான் பயம். நல்ல ஆள் கையில செஞ்சதுன்னா தாராளமா வாங்கலாம், ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீங்க.

5.1 செட்டுக்குள்ள போனது 2

டிவிக்கும் செட்டுக்கும் நடுவுல என்ன ஒயர்னு பின்னாடி எட்டிப் பார்த்தேன். ஹெட்ஃபோன் ஓட்டையிலேர்ந்து ரெண்டு பின் ஒயர். சிவப்பு, வெள்ளை. முடிஞ்சுது கதை. ரெண்டு ஒயர்ல ரெண்டு சேனல்தான் போகும். செட்டுக்குள்ள இருக்கிற போர்டு அந்த ரெண்டையும் எடுத்து, கலந்து, ஆறு இடத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்குது. முன்னாடி வர வேண்டிய வசனமே பின்னாடி ஸ்பீக்கர்லயும் வருது.

வந்தா என்ன? இங்கதான் காது ஒரு வேலை பண்ணும். ஒரே சத்தம் ரெண்டு இடத்துலேர்ந்து வந்தா, எது முதல்ல வந்து சேருதோ அந்தத் திசையிலேர்ந்துதான் வருதுன்னு மூளை முடிவு பண்ணிடும். ஹெல்முட் ஹாஸ்ங்கிற ஜெர்மன்காரர் 1949ல இதைப் பத்தி ஆய்வு எழுதினார், அவர் பேர்லயே ஹாஸ் விளைவுன்னு சொல்றோம். இந்த வீட்டுல பின் ஸ்பீக்கர் சோபாவுக்கு ஒரு மீட்டர்ல, முன் ஸ்பீக்கர் மூணரை மீட்டர்ல. வித்தியாசம் ரெண்டரை மீட்டர், நேரத்துல சுமார் 7 மில்லி செகண்டு. அது போதும். திரையில ஒருத்தர் வாயசைக்கிறார், குரல் உங்க பிடரியிலேர்ந்து வருது. ஏன் குழப்பமா இருக்குன்னு சொல்லத் தெரியாது, ஆனா அரை மணி நேரத்துல தலை வலிக்கும்.

சினிமாவுல இதுக்காகத்தான் நடுவுல, திரைக்குப் பின்னாடி, தனி ஸ்பீக்கர் வச்சாங்க. 5.1 கலவையில வசனம் பெரும்பாலும் அந்த நடு சேனல்லதான் உக்காரும். பாட்டு, மழை, கூட்டச் சத்தம் மத்ததுல. உண்மையான ஆறு சேனல் உங்க செட்டுக்கு வரணும்னா ரெண்டு வழி. ஒண்ணு, டிவியில எச்டிஎம்ஐ ஏஆர்சின்னு போட்ட ஓட்டை. 2009ல வந்த எச்டிஎம்ஐ 1.4லேர்ந்து இருக்கு. இன்னொண்ணு ஆப்டிகல், சிவப்பு வெளிச்சம் தெரியுமே அது. ரெண்டுலயும் டால்பி டிஜிட்டல் 5.1 போகும். செட்டுல அதைப் பிரிக்கிற டிகோடர் போர்டு இருக்கணும், இல்லாட்டி அசெம்பிள் அண்ணன்கிட்ட சேக்கச் சொல்லலாம். ஒயரை மாத்தினதும் வேலை முடியல. டிவி செட்டிங்ஸ்ல டிஜிட்டல் சவுண்ட் அவுட்புட் பிசிஎம்னு இருந்தா, இந்த ஒயர்லயும் ரெண்டு சேனல்தான் வரும். அதை ஆட்டோ, பிட்ஸ்ட்ரீம், பாஸ் த்ரூ, உங்க டிவியில என்ன பேர் போட்டிருக்கோ அதுக்கு மாத்தணும். இந்த ஒரு மெனுவைத் தொடாமலே வருஷக்கணக்கா 5.1 ஓட்டுறவங்களை எனக்குத் தெரியும்.

இப்ப ஒரு சங்கடமான கேள்வி. அம்மா என்ன பாக்குறாங்க? மத்தியானம் சீரியல், ராத்திரி செய்தி, ஞாயித்துக்கிழமை ஒரு பழைய படம். கேபிள்ல, டிடிஎச்ல வர்ற இதெல்லாம் பெரும்பாலும் ஸ்டீரியோதான். 5.1 அங்க கிளம்பவே இல்ல, எந்த ஒயர் போட்டாலும் வராது. ஓடிடியில புதுப்படம் பாக்குற பையன் லீவுக்கு வந்தா வருஷத்துல மூணு வாரம் ஆறு சேனல் ஓடும். மிச்ச நாளெல்லாம் ரெண்டுதான். அதனால அந்த வீட்டுல டிகோடர் போர்டுக்கு முன்னாடி நான் செஞ்சது வேற: ரிமோட்ல பின் ஸ்பீக்கர் ரெண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தேன். அம்மா சோபாவுலேர்ந்து நிமிர்ந்து டிவியைப் பார்த்தாங்க.

சுவர்

இனிமேதான் முக்கியமான ஆள் வர்றார். இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன்.

அவங்க பழைய வீடு ஓட்டு வீடு. மண் சுவர், சாணி மெழுகின தரை, நடுவுல திறந்த முற்றம். சத்தம் ஓட்டு இடுக்குல வெளிய போயிடும், முத்தத்துல ஆகாசத்துக்குப் போயிடும், திரும்பி வராது. அந்தக் காலத்து ரேடியோ கணீர்னு கேட்டுச்சுன்னு பெரியவங்க சொல்றதுல பாதிப் பெருமை ரேடியோவுக்கு இல்ல, கூரைக்குச் சேரணும். புது ஹால் 20 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். தரையில பளபளன்னு டைல்ஸ், சுவத்துல பட்டி போட்டுத் தேய்ச்ச பெயிண்ட், மேல காங்கிரீட். ஆறு பக்கமும் சத்தத்துக்குக் கண்ணாடி மாதிரி. அதுல படுற சத்தத்துல நூத்துல ரெண்டு மூணு பங்குதான் உள்ள உறிஞ்சப்படும், மிச்சம் அப்படியே திரும்பும்.

இதைக் கணக்காச் சொன்னவர் வாலஸ் சபைன். 1895ல ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல புதுசாக் கட்டின ஒரு சொற்பொழிவு அரங்கத்துல பேசினா ஒண்ணும் புரியல, சரி பண்ணிக் கொடுன்னு இந்த இளம் இயற்பியல் ஆசிரியர்கிட்ட தள்ளிவிட்டாங்க. ஒரு வார்த்தை சொன்னா அது அடங்க அஞ்சரை செகண்டு ஆச்சு. மனுஷன் ராத்திரியில பக்கத்து நாடக அரங்கத்துலேர்ந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிட்டு வந்து போடுவார், ஆர்கன் குழாயை ஊதவிட்டு ஸ்டாப் வாட்ச்ல அளப்பார், விடியறதுக்குள்ள மெத்தையெல்லாம் திரும்ப வச்சிடுவார். கடைசியில கிடைச்ச சூத்திரம் ரொம்ப எளிமை: அறையோட கன அளவை 0.161ஆல பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால வகுத்தா, சத்தம் அடங்குற நேரம்.

நம்ம ஹாலுக்குப் போடுவோம். கன அளவு 68 கன மீட்டர். ஆறு பக்கமும் சேர்ந்து 104 சதுர மீட்டர், அதுல நூத்துக்கு மூணு உறிஞ்சுதுன்னா மூணு சொச்சம். வகுத்தா, காலி ஹால்ல மூணரை செகண்டு. சோபா, ஆளுங்க, திறந்த ஜன்னல் எல்லாம் சேர்த்தாலும் ஒண்ணரை செகண்டு பக்கம் நிக்கும். பேச்சு தெளிவாக் கேக்க அரை செகண்டு பக்கம் வரணும். நாம செகண்டுக்கு நாலஞ்சு அசை பேசுறோம். முதல் அசை அடங்குறதுக்குள்ள அடுத்த ஆறு அசை அது மேல ஏறி உக்காந்தா என்ன புரியும்? இந்த இடத்துல வால்யூமை ஏத்தினா வசனமும் ஏறும், அதோட எதிரொலியும் அதே அளவு ஏறும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் மாறவே மாறாது. வாட் ஏன் உதவாதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

வயசானவங்களுக்கு இது ரெட்டைச் சுமை. வயசாக ஆக முதல்ல குறையிறது உயர் அதிர்வெண் கேக்குற சக்தி. க, ச, த, பன்னு மெய்யெழுத்துகளோட முனை அங்கதான் இருக்கு. உயிரெழுத்து கேக்கும், மெய்யெழுத்து மழுங்கிடும். சத்தம் இருக்கு, சொல் இல்ல. அம்மா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இதுதான்.

பரண்ல ரெண்டு இலவம்பஞ்சு மெத்தை சும்மா கிடந்துச்சு. சோபாவுக்குப் பின்னாடி சுவத்துல நிமிர்த்தி வச்சு, மேல ஒரு பழைய பட்டுச்சேலையைத் திரை மாதிரி கட்டினோம். எதிர்ச் சுவத்து ஜன்னலுக்கு மெலிசுத் திரைக்குப் பதிலா மடிப்பு வச்ச கனமான திரை. பக்கச் சுவத்துல திறந்த அலமாரியில போர்வை, புத்தகம். டிவிக்கும் சோபாவுக்கும் நடுவுல தரையில தடிமனான விரிப்பு. ஜமக்காளம் விரிச்சா போதாதான்னு கேட்டாங்க. அது மெலிசு, மேல்ஸ்தாயிச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கடிக்கும். ரெண்டு மூணா மடிச்சுப் போட்டா பரவாயில்ல. முட்டை அட்டை ஒட்டுற பழக்கம் ஊரெல்லாம் இருக்கு. தயவுசெஞ்சு வேணாம். பஞ்சு மாதிரி காத்து உள்ள போய் உரசுற தடிமன் அதுல இல்ல, தீப்பிடிச்சா மட்டும் நல்லாப் பிடிக்கும்.

வேலைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஹால் நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாருங்க. முன்னாடி 'டர்ர்ங்'னு உலோகச் சத்தம் வால் பிடிச்சு வரும். அந்த வால் குறைஞ்சா நீங்க சரியான வழியில போறீங்க. கருவி வேணாம்.

ஆணியும் மூலையும்

நாலு சின்ன ஸ்பீக்கரையும் கூரைக்கு ஒரு முழம் கீழ நாலு மூலையில ஆணி அடிச்சு மாட்டியிருந்தாங்க. சாமி படத்துக்கு மேல. பாக்க அழகு, கேக்க இல்ல. உயர் சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராப் போறது. ட்வீட்டர் காது மட்டத்தைப் பார்த்திருக்கணும். முன்னாடி ரெண்டும் நீங்களும் சேர்ந்தா சமபக்க முக்கோணம், அதாவது ஸ்பீக்கர் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரமும் உங்களுக்கு வர்ற தூரமும் ஒண்ணு. பின் ஸ்பீக்கர் நேர் பின்னாடி இல்ல, காதுக்குக் கொஞ்சம் பின்னால ரெண்டு பக்கவாட்டுல, 100லேர்ந்து 120 டிகிரின்னு சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தோட பரிந்துரையே இருக்கு. நடு ஸ்பீக்கர் ஷோகேஸ் கண்ணாடிக்குள்ள, எவர்சில்வர் குடத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு. அதை வெளிய எடுத்து டிவி பலகை விளிம்புல வச்சு, கீழ அட்டையை மடிச்சுக் கொடுத்து, மூக்கைக் காதுப் பக்கம் தூக்கி வச்சோம். செலவு பூஜ்யம். அன்னைக்கு நடந்த மாற்றத்துலயே பெருசு எதுன்னா இதைத்தான் சொல்வேன்.

வூஃபர் மூலையில. மூலைன்னா ரெண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸை ஊதிக் காட்டும், அதனாலதான் கடைக்காரங்க அங்க வைக்கச் சொல்றாங்க. ஆனா அறைக்குன்னு சில சுருதி உண்டு. இந்த ஹால்ல அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸ், நீளத்துக்கு 28, உயரத்துக்கு 57. நீளம் உயரத்துக்குச் சரியா ரெண்டு மடங்கு இல்லையா, அதனால நீளத்தோட ரெண்டாவது சுருதியும் 57லயே வந்து விழுது. ரெண்டும் கைகோத்து அந்த ஒரு சுருதிய மட்டும் 'பூம்ம்'னு இழுக்கும். அந்த பூம் சத்தம் வசனத்தோட கீழ்ப்பாதியை அமுக்கிடும். புது வீடு கட்டுறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, நீளம், அகலம், உயரம் ஒண்ணுக்கொண்ணு ரெண்டு மடங்கா வராமப் பாத்துக்கோங்க. வாஸ்து பாக்குறவர்கிட்ட சொன்னா அவரும் ஏதாவது காரணம் சொல்லி ஒத்துக்குவார்.

கட்டின வீட்டுல? வூஃபரைத் தூக்கி நீங்க உக்கார்ற சோபா மேலயே வைங்க. பேஸ் இருக்கிற பாட்டு ஒண்ணைப் போட்டுட்டு, நீங்க தரையோட தரையா சுவரோரம் தவழுங்க. எந்த இடத்துல பேஸ் ஒரே சீரா, இழுக்காம கேக்குதோ, வூஃபரை அங்க வைங்க. உலகம் முழுக்க ஹோம் தியேட்டர்காரங்க செய்றது இது. நான் தவழ்ந்தப்ப நண்பனோட அப்பா ரொம்ப நேரம் சிரிச்சார், அது தனி. அடுத்து பீரோ, டியூப் லைட் பட்டி, ஷோகேஸ் கண்ணாடின்னு எதெல்லாம் கூடவே 'ஜர்ர்'னு பாடுதுன்னு கேட்டு, காகிதத்தை மடிச்சுச் சொருகுங்க.

ஸ்பீக்கர் ஒயர்ல ப்ளஸ் மைனஸ் மாறியிருந்தா முன்னாடி ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழிச்சிக்கும், பேஸ் மெலியும், குரல் நடுவுல நிக்காது. ரேடியோ கடைக்காரங்க பண்ற பழைய வித்தை: செட்டிலேர்ந்து ஒயரைக் கழட்டி, ஒண்ணரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுக் காட்டினா, ப்ளஸ் சரியா இருந்தா ஸ்பீக்கர் கோன் முன்னாடி துள்ளும். உள்ள போச்சுன்னா ஒயரை மாத்துங்க.

இதைத் தள்ளிப் போடாதீங்க

செட்டோட மூடியைத் தொட்டப்ப விரல்ல ஒரு சுருக். அம்மா, "அது எப்பவும் அப்படித்தான் தம்பி, செருப்புப் போட்டுக்கிட்டு தொடணும்"னாங்க. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. இரும்புப் பெட்டி, ரெண்டு பின் ப்ளக், எர்த் இல்ல. டிரான்ஸ்ஃபார்மர்ல காப்பு எப்பவாவது பழுதாச்சுன்னா 230 வோல்ட் அப்படியே பெட்டி மேல வந்து நிக்கும். வீட்டுல இருக்கிறது ரெண்டு வயசானவங்க, துடைக்கிறது ஈரத்துணியில. அன்னைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூணு பின் ப்ளக், பெட்டியோட உடம்புக்கு எர்த் ஒயர், வீட்டு எர்த் உண்மையிலேயே வேலை செய்யுதான்னு சோதனை, மெயின் பாக்ஸ்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. மொத்த நாள்லயும் காசு செலவானது இதுக்கு மட்டும்தான். உங்க வீட்டுலயும் "லைட்டா ஷாக் அடிக்கும்"னு சிரிச்சுக்கிட்டே சொல்ற செட் இருந்தா, இந்த எபிசோடை நிறுத்திட்டுப் போய் ப்ளக்கைப் பிடுங்குங்க. மிச்சத்தை அப்புறம் கேக்கலாம்.

சிங்கப்பூர், மலேசியாவிலேர்ந்து கொண்டு வர்ற செட்டுக்கும் இது பொருந்தும். அங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், அதனால இங்க நேரா ஓடும். ஆனா அங்க ப்ளக் மூணு தட்டைக் கால். அதை வெட்டிட்டு ரெண்டு பின் மாட்டினா எர்த் போச்சு. நல்ல மூணு பின் ப்ளக்கா மாத்துங்க.

வாய்ஸ் நோட் கேள்விகள்

"வெளிநாட்டுலேர்ந்து டிவியே கொண்டு வரலாமா?" ஒரு காலத்துல திருச்சி ஏர்போர்ட்ல டிவிப் பெட்டி இல்லாத தள்ளுவண்டியைப் பாக்கவே முடியாது. 2013 ஆகஸ்ட்ல, ரூபாய் மதிப்பு சரிஞ்சுக்கிட்டு இருந்த நேரத்துல, தட்டை டிவியை வரியில்லா சலுகையிலேர்ந்து எடுத்துட்டாங்க. வரி, செஸ் சேர்த்து 36 சதவீதம் வந்துச்சு. அதோட அந்தக் கதை முடிஞ்சுது. சுங்கத்துறையோட 2016 பேக்கேஜ் விதிகள்ல, ஊருக்கே திரும்பி வர்றவங்க கொண்டு வர்ற பொருள் பட்டியல்ல, டிஷ்வாஷர் கூடவே "வீடியோ ஹோம் தியேட்டர் சிஸ்டம்"னு தனியா ஒரு வரி இருந்துச்சு. நம்ம ஆளுங்க எதைத் தூக்கிட்டு வருவாங்கன்னு டெல்லிக்கும் தெரிஞ்சிருக்கு. இங்கயே வாங்குறதா இருந்தா, 2025 செப்டம்பர் 22லேர்ந்து 32 அங்குலத்துக்கு மேல உள்ள டிவிக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 ஆச்சு. ஸ்பீக்கருக்கு ஏற்கனவே 18தான், அதுல "வரி குறைஞ்சிருக்கு"ன்னு யாராவது ஆஃபர் சொன்னா எதுக்குன்னு கேளுங்க.

"டெனான், மராண்ட்ஸ் எல்லாம் சாம்சங்குக்குப் போயிடுச்சாமே?" ஆமா. சாம்சங்கோட ஹார்மன் நிறுவனம், ஏற்கனவே ஜேபிஎல் அவங்க கையில இருக்கு, 2025 மே மாசம் 35 கோடி டாலருக்கு சவுண்ட் யுனைடெட்டை வாங்குறதா அறிவிச்சு, செப்டம்பர்ல முடிச்சாங்க. டெனான், மராண்ட்ஸ், போல்க், பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் எல்லாம் அதுக்குள்ள. இன்னைக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்குறவங்களுக்கு இதனால ஒண்ணும் மாறல. கடை அலமாரியில பத்து பேர் இருக்கும், முதலாளி ஒருத்தர்தான்னு தெரிஞ்சு வச்சுக்கலாம்.

"பக்கத்துல அரும்பாவூர்ல அவ்வளவு அருமையா மரம் செதுக்குறாங்க, புவிசார் குறியீடே வாங்கினாங்க. அங்கயே ஸ்பீக்கர் பெட்டி செய்யச் சொல்லலாமா?" எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. பூலாம்பாடிக்குப் பக்கத்து ஊர்தான். ஆனா பெட்டிக்கு நல்ல மரம் வேணாம். முழு மரம் மழைக்கும் வெயிலுக்கும் சுருங்கி விரியும், ஒட்டு விட்டு காத்து கசியும். அதுக்குன்னு ஒரு ஓசையும் உண்டு. வீணைக்கு அந்த ஓசை வேணும், ஸ்பீக்கர் பெட்டி வாயை மூடிக்கிட்டு இருக்கணும். அதனாலதான் எம்டிஎஃப், இல்லாட்டி நல்ல ப்ளைவுட், முக்கால் அங்குலம். முன்னாடி வைக்கிற சட்டத்தையும் ஸ்டாண்டையும் அரும்பாவூர்ல செய்யச் சொல்லுங்க, சாமி படத்துக்குப் பக்கத்துல வைக்கக் கூச்சமே இருக்காது.

"அட்மாஸ் போடலாமா?" இந்தியாவுல டால்பி அட்மாஸ்ல வந்த முதல் படம்னு 2012 டிசம்பர்ல வந்த 'சிவாஜி' 3டி-யைச் சொல்வாங்க. அதுலேர்ந்து எல்லாருக்கும் தலைக்கு மேல சத்தம் வேணும்னு ஆசை. மேல் நோக்கி அடிச்சுக் கூரையில பட்டு வர்ற மாதிரி ஸ்பீக்கர் இருக்கு. அதுக்குத் தட்டையான காங்கிரீட் கூரை உண்மையிலேயே நல்லது, நம்ம வீட்டுக் கூரைக்கு இந்த ஒரு விஷயத்துல அதிர்ஷ்டம். ஆனா மிச்ச அஞ்சு பக்கமும் எதிரொலிச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் ஹெலிகாப்டர் தலைக்கு மேல போகுதா, அடுப்படியில போகுதான்னு தெரியாது. முதல்ல மெத்தையைப் பரண்லேர்ந்து இறக்குங்க. அப்புறம் கை தட்டி, அந்தச் சத்தத்தை போன்ல ரெக்கார்ட் பண்ணி, ஹாலோட மூணு அளவையும் சேர்த்து அனுப்புங்க. உங்க ஹாலோட சுருதி என்னன்னு அடுத்த எபிசோட்ல கணக்குப் போட்டுச் சொல்றேன்.